நாணலுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

வணக்கம். ஆராய்ச்சிக்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் கரும்புக் கதையைத்தான் எடுப்பேன். என்னிடம் தாவரவியல் படித்தவர்களுக்கு இது அலுத்தே போயிருக்கும், ஆனாலும் விடுவதாக இல்லை.

கரும்பைக் கரணை வெட்டித்தான் நடுகிறோம். அதனால் கரும்புக்கு விதை உண்டு என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. ஐப்பசி கார்த்திகையில் தோகைக்கு மேலே வெள்ளை வெளேரென்று பூ நீட்டிக்கொண்டு நிற்குமே, அதில்தான் விதை. பஞ்சுப்பிசிறு மாதிரி இருக்கும், உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டால் காணாமல் போய்விடும். விவசாயிக்கு அந்தப் பூவைக் கண்டாலே எரிச்சல், பூத்த கரும்பில் நெட்டி விழுந்து சாறு குறையும் என்று. ஆனால் புது ரகம் வேண்டுமென்றால் அந்த விதைதான் வேண்டும். வட இந்தியக் குளிரில் கரும்பு சரியாக விதை பிடிக்காது, கோயம்புத்தூரில் பிடிக்கும். அதனால்தான் 1912ல், வடக்கே நடவேண்டிய கரும்பை உருவாக்க, வேளாண் கல்லூரி இருந்த கோயம்புத்தூரில் அரசு செலவில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது.

அப்போது ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாகச் சர்க்கரை வந்துகொண்டிருந்தது. நம் வடக்கத்திக் கரும்பு மெலிசு, தடித்த இனிப்புக் கரும்போ அந்தக் குளிரைத் தாங்காது. பார்பர் என்ற ஆங்கிலேயரும், அவருக்குப் பின் நிலையத்தை நடத்திய டி.எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள் தெரியுமா? நாணலை, ஆமாம், ஆற்றோரம் சும்மா முளைத்துக் கிடக்கிற அதே நாணலை, அதன் தாங்கும் சக்திக்காகக் கொண்டுவந்து நல்ல கரும்போடு கலந்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 என்ற ரகம் 1918ல் பஞ்சாப் வயல்களுக்குப் போனது. கோ என்றால் கோயம்புத்தூர்தான். அப்புறம் 1930களில் தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாள் அங்கேயே கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தார், அது தனிக் கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன்.

நாணலில் என்ன இருக்கிறது என்று பார்க்க எந்த முதலாளி பணம் போடுவார்? போட்டாலும் திரும்பி வராது. ஒரு விவசாயி நல்ல கரும்பு நட்டால், பக்கத்து வயல்காரர் நாலு கரணை கேட்டு வாங்கிப்போய் நட்டுவிடுவார், இதில் விற்க என்ன இருக்கிறது? பலன் ஊர் முழுக்கப் பரவுகிறது, அதனாலேயே ஒருவர் பையில் அது சேர்வதில்லை. இந்த மாதிரி வேலைக்கு ஊர்ப் பணம்தான் வேண்டும், திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஊர்ப் பணம்தான் வேண்டும்.

ஒருமுறை செலவழித்தால் தீர்ந்தது என்றும் இல்லை. உத்தரப்பிரதேசத்தில் பெரும்பாலான கரும்பு வயல்களைப் பிடித்த கோ 0238ஐ இப்போது செவ்வழுகல் நோய் தாக்குகிறது. விதை போட்டு, ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் கழித்து, ஒரு ரகத்தைத் தேற்றப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். நோய் வந்த பிறகு பணம் ஒதுக்கினால் யாருக்கு லாபம்?

சரி, நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பல்கலைக்கழகங்களைப் பற்றித்தான் நிறையப் பேச வந்தேன், சுருக்கிவிடுகிறேன். நாடு ஈட்டும் நூறு ரூபாயில் ஆராய்ச்சிக்கு நாம் ஒரு ரூபாய்கூட எடுத்து வைப்பதில்லை, தென் கொரியா நாலு ரூபாய்க்கு மேல் வைக்கிறது. அந்த ஒரு ரூபாய் வரும்போது வரட்டும், அதற்கு முன்னால் ஆய்வு மாணவர்களுக்கு உதவித்தொகையை மாதா மாதம் கொடுங்கள், அரியர் போடாதீர்கள். விடுதி மெஸ்ஸில் கடன் சொல்லிச் சாப்பிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். வணக்கம்.