இடித்த இடத்தை ஏன் தேய்க்கிறோம்?

நேயர்களுக்கு வணக்கம்.

நேற்று ராத்திரி கரண்ட் போன நேரத்தில் கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். மயக்க மருந்து கொடுப்பதும் வலிக்கு வைத்தியம் பார்ப்பதும்தான் என் தொழில். ஆனாலும் அந்த நேரத்துக்குப் படிப்பெல்லாம் உதவவில்லை. குனிந்து விரலைப் பிடித்துப் பரபரவென்று தேய்த்ததுதான் உதவியது. இன்றைக்கு என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு விரலே எடுத்துக்கொடுத்துவிட்டது.

இடித்ததும் முதலில் 'சுரீர்' என்றது. கால் தானாகப் பின்னால் வந்துவிட்டது. ஒரு நொடி கழித்து, விண்விண்ணென்று இரண்டாவது வலி ஒன்று வந்தது. இரண்டும் வேறு வேறு நரம்பிழைகளில் வருபவை. முதல் வலி வரும் இழைக்கு மெல்லிய கொழுப்பு உறை உண்டு. நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செய்தி போகும். இரண்டாவது வலியின் இழைக்கு உறை கிடையாது. நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர், நாம் நடக்கிற வேகம்தான். கால்விரலிலிருந்து தண்டுவடத்துக்கு 1 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

சரி, தேய்த்தால் ஏன் குறைகிறது? தண்டுவடம் சுண்டுவிரல் பருமன்தான். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு சாம்பல் நிற வடிவம் தெரியும். அதன் முதுகுப்புற இறக்கையில்தான் வலிச்செய்தி வந்து இறங்கி, கை மாறி, மேலே போகிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர், அந்த இடத்தில் ஒரு கதவு இருக்கிறது என்றார்கள். தொடு உணர்வைக் கொண்டுவரும் இழைகள் தடித்தவை, வேகமானவை. தேய்க்கும்போது அவை அங்கே இருக்கும் சின்னச் சின்னத் தடுப்பு நரம்பணுக்களைத் தூண்டிவிட, அவை வலிச்செய்தியை அமுக்குகின்றன. அவர்கள் வரைந்த படத்தில் பல கோடுகளைப் பின்னால் வந்தவர்கள் மாற்றி வரைந்துவிட்டார்கள். கதவு மட்டும் நிலைத்துவிட்டது. பிசியோதெரபியில் தோலில் பட்டை ஒட்டிச் சுறுசுறுவென்று மின்சாரம் விடுகிறார்களே, அதற்கும் அடிப்படை இதுதான். விழுந்த பிள்ளையின் முட்டியைத் தடவிக்கொடுக்கும் பாட்டிக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

கதவுக்குக் கீழிருந்து மட்டும் தள்ளு இல்லை. மேலே மூளையிலிருந்தும் ஒரு பிடி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்கவியல் மருத்துவர், பலத்த காயத்தோடு வந்த வீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டார். நான்கில் மூன்று பங்குப் பேர் வேண்டாம் என்றார்கள். நினைவு தப்பியவர்கள் இல்லை, நன்றாகப் பேசியவர்கள். நரம்பு மரத்துப்போனவர்களும் இல்லை, ஊசியைக் கோணல்மாணலாகக் குத்தினால் எல்லாரையும் போலவே கத்தினார்கள்! போர்முனையை விட்டு உயிரோடு வெளியே போகிறோம் என்ற நினைப்பு அவர்கள் காயத்துக்கு வேறு அர்த்தம் கொடுத்துவிட்டது என்று பீச்சர் நினைத்தார். ஊரில் அறுவை சிகிச்சைக்கு வந்த சாதாரண ஆட்களில் பெரும்பாலோர் மருந்து கேட்டார்கள்.

அந்தப் பிடி எங்கே இருக்கிறது என்பது 1969-இல் தெரிந்தது. எலியின் நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தே இல்லாமல் வயிற்றைத் திறந்து அறுவை செய்து காட்டினார் டேவிட் ரெனால்ட்ஸ். அங்கிருந்து கிளம்பும் கட்டளை மூளைத்தண்டு வழியாகக் கீழே இறங்கி, தண்டுவடத்துக் கதவைச் சாத்துகிறது. 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் இருவரும் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அபின் போலவே வலியை அடக்கும் சரக்கு. நம் மூளையும் அதைச் சொந்தமாகத் தயாரிக்கிறது.

எனக்குப் பிடித்த சோதனை 1978-இல் நடந்தது. கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் ஊசியைப் போட்டார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அபின் வகை மருந்தை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி திரும்பி வந்தது. அப்படியென்றால் அந்த ஆறுதல் வெறும் பிரமை இல்லை. உள்ளே நிஜமாகவே மருந்து சுரந்திருக்கிறது. 'எல்லாம் மனசுதான்' என்று நோயாளியிடம் சொல்லும் டாக்டர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கதவு பழுதாவதும் உண்டு. அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா வந்தார். விலாவில் அக்கி வந்து, குயவர் வீட்டில் காவியால் எழுதிக்கொண்டு, கொப்புளமெல்லாம் உதிர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆனால் ரவிக்கை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல எரிகிறதாம். போன இடத்தில் ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அக்கிக் கிருமி நரம்பைக் கெடுத்துவிட்டுப் போனதில், தண்டுவட அணுக்கள் சின்னச் சீண்டலுக்கும் கூச்சல் போடப் பழகிவிடுகின்றன. எந்தத் தொடுதல் கதவைச் சாத்துமோ, அதுவே இப்போது திறந்துவிடுகிறது. அவரிடம் போய்த் தேய்த்துவிடுங்கள் என்று சொல்ல முடியுமா?

குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதிக்கொடுத்தேன். மறுநாளே கோபமாக வந்து நின்றார். "மருந்துக்கடைப் பையன் இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதுன்னு சொல்றான். என்னைப் பைத்தியம்னு நினைச்சீங்களா, டாக்டர்?" மனச்சோர்வுக்கென்று வந்த மாத்திரைதான் அது. மூளையிலிருந்து கீழே இறங்கும் அந்தக் கட்டளைக்குச் செரட்டோனின், நாரட்ரினலின் என்ற இரண்டு சரக்குகள் வேண்டும். மாத்திரை அவற்றைச் சீக்கிரம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு காகிதத்தில் கதவை வரைந்து காட்டினேன். காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து மருந்துச் சீட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே 'நரம்பு வலிக்கு' என்று தமிழில் எழுதிவிடுகிறேன்.

வணக்கம்.