தெருக்காவல் குழுவில் யாரைச் சேர்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறையில் சென்னையின் குடியிருப்புத் தெரு ஒன்றில் நடந்து போனால், ஊருக்குப் போயிருப்பவர்களின் வீடுகள் எவை என்பதை யாரையும் கேட்காமலே சொல்லிவிடலாம். வாசலில் கோலம் இருக்காது. கேட்டுக்கு உள்ளே நாளிதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். பட்டப்பகலிலும் வராந்தா விளக்கு எரிந்துகொண்டிருக்கும். நமக்குப் புலப்படும் இந்த அடையாளங்கள், பூட்டிய வீட்டைத் தேடி வருபவனுக்கு நம்மைவிட விரைவாகப் புலப்படும். சாவிக்காகவும் அவன் அதிகம் அலைய வேண்டியதில்லை. செருப்பு அலமாரி, மின்சார மீட்டர் பெட்டி, பூந்தொட்டி ஆகிய மூன்றையும் விட்டால் சாவியை வைக்க வேறோர் இடம் நம் குடும்பங்களுக்கு இன்னும் தோன்றவில்லை.

வெளியூர் செல்வோர் தம் பகுதிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செல்ல வேண்டும் என்று காவல்துறை விடுமுறைக் காலங்களில் கேட்டுக்கொள்வதுண்டு. சொன்னால், இரவு ரோந்து வருபவர்கள் அந்த வீட்டையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். ஆனால் ரோந்துக் காவலர் ஒரு தெருவில் நிற்பது சில நிமிடங்கள்தான்; மீதிப் பொழுதெல்லாம் அங்கே இருப்பவர்கள் நாம்தான். பூட்டிய பக்கத்து வீட்டு வாசலிலும் சேர்த்து ஒரு கோலம் போடுவது, கிடக்கிற நாளிதழை எடுத்து வைப்பது, மாலையில் விளக்கைப் போட்டுக் காலையில் அணைப்பது என, தெருக்காவலின் பெரும்பகுதி இப்படிப்பட்ட சின்னச் சின்ன வேலைகள்தான். தடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நள்ளிரவில் சுற்றி வருவதே காவல் என்று தொடங்குகிறவர்கள் சீக்கிரமே ஓய்ந்துவிடுவார்கள்; மறுநாள் காலையில் அவர்கள் அலுவலகம் போக வேண்டுமே!

அக்கம்பக்கத்தாரே தம் தெருவைக் கண்காணிக்கும், இன்று ‘நெய்பர்ஹுட் வாட்ச்’ என்று அறியப்படும் ஏற்பாட்டை அமெரிக்காவின் தேசிய ஷெரிஃப்கள் சங்கம் 1972-இல் தொடங்கியது. பிரிட்டனில் அது 1982-இல் மோலிங்டன் என்ற சிற்றூரில் வேரூன்றியது. நமக்கு இந்த எண்ணம் புதிதன்று. ஊர்க்காவலுக்காக வாங்கப்பட்ட பாடிகாவல் என்ற வரியைச் சோழர் காலக் கல்வெட்டுகளில் காண்கிறோம். அண்மைக்காலம் வரை நம் தெருக்களில் அந்த வேலையைப் பார்த்தவர், மாதம் பிறந்தால் வீடுவீடாக வந்து காசு வாங்கிச் செல்லும் கூர்க்கா. தாம் எந்தத் தெருவில் இருக்கிறோம் என்பதை அவருடைய விசில் திருடனுக்கும் அறிவித்துவிடும் என்பது வேறு விஷயம்.

குழு அமைக்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி, யாரைச் சேர்ப்பது என்பதுதான். வழக்கமாக, குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுவே காவல் குழு என்று இன்னொரு பெயரையும் வைத்துக்கொள்கிறது. அதில் சொந்த வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர்களைக் கூப்பிட யாருக்கும் நினைவிருந்திருக்காது. சரி, பகல் பதினொரு மணிக்கு அந்தத் தெருவில் உண்மையிலேயே இருப்பவர்கள் யார்? மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரைப் பாருங்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு வாரமாகத் துணி வரவில்லையென்றால் அந்த வீட்டார் ஊரில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எந்த ஸ்கூட்டர் எந்த வீட்டுடையது, எது நேற்றிலிருந்து புதிதாக நிற்கிறது என்பதும் தெரியும். இந்த அளவுக்குத் தெருவை அறிந்தவர் சங்கத்தின் செயற்குழுவில் ஒருவர்கூட இருக்க மாட்டார். பூக்கார அம்மா, விடியுமுன் பால் போடுபவர், முனையில் உள்ள ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் ஆகியோரும் அப்படித்தான். இவர்களிடம் ஆதார் நகல் கேட்டு வாங்கி வைக்கத் தெரிந்த சங்கங்களுக்கு, ஏதாவது தென்பட்டால் கூப்பிடுங்கள் என்று தம் தொலைபேசி எண்ணை இவர்களிடம் கொடுக்கத் தோன்றாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. இவர்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொண்டு நடத்தப்படும் காவல், தெருவின் பாதிக் கண்களை மூடிவிட்டு நடத்தப்படும் காவல் என்பதே என் கருத்து.

சந்தேகம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு 2018-ஆம் ஆண்டை நினைவுகூரலாம். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வ வழிபாட்டுக்குச் சென்றிருந்த சென்னையைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவரை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த காரணத்துக்காக ஒரு கூட்டம் அடித்தே கொன்றது. அந்த ஆண்டு ஜூலையில்தான், இந்தியாவில் தமக்கு வந்த ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் வரம்பு வைத்தது. தெருக்குழுவின் வாட்ஸ்அப்பிலும் ஒரு வரம்பு வேண்டும்: தாம் நேரில் பார்த்ததை மட்டும் எழுதலாம், வேறிடத்திலிருந்து வந்ததை அனுப்பக்கூடாது. எழுதுவதும் பயன்படும்படி இருக்க வேண்டும். “சந்தேகப்படும்படி ஒருவர் திரிகிறார்” என்பது தகவலே அன்று. வண்டி எண், நிறம், நேரம், எந்தப் பக்கம் போனார் என்பவையே தகவல்.

பார்ப்பதும் சொல்வதும் தவிர வேறெதையும் குழு செய்யக்கூடாது. தம் கண்முன்னே ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைச் செய்பவரையும், தேடப்படும் குற்றவாளி என நீதிமன்றம் அறிவித்தவரையும் பொதுமக்களில் ஒருவர் பிடிக்கலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள் அவரைக் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கட்டி வைத்து விசாரிக்கவோ, அடிக்கவோ, படமெடுத்துப் பரப்பவோ யாருக்கும் உரிமை இல்லை. அதிகாரத்தின் சாயல் ஒட்டிக்கொண்டால் தன்னார்வலர் அமைப்பு என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 1993-இல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு, 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்ததை அடுத்து எழுந்த குற்றச்சாட்டுகளால் மாநிலம் முழுவதும் தடைசெய்யப்பட்டது. ஆகவே அடையாள அட்டை, சீருடை, தொப்பி எதுவும் நம் குழுவுக்கு வேண்டாம்.

கேமராக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெருக்களில் கேமரா வைக்கும் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்துக்குப் பின் சென்னையில் கேமரா இல்லாத தெருவைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் பல வீடுகளில் கேமரா தன் வீட்டு வாசற்படியை மட்டுமே பார்க்கிறது, அல்லது முன்னால் வளர்ந்த முருங்கைக் கிளையைப் பார்க்கிறது; கண்ணாடியில் சிலந்தி வலை பின்னியிருக்கிறது; பதிவில் ஓடும் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கியிருக்கிறது. வண்டி எண் விழும்படி தெருவின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கேமரா வைத்து, மாதம் ஒருமுறை துடைத்து, நேரத்தைச் சரிபார்த்தால் போதும். எதிர்வீட்டு ஜன்னலுக்குள் பார்க்கும் கேமராவை உடனே திருப்பி வைக்க வேண்டும்.

தனியாக இருக்கும் முதியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தாயோ தந்தையோ மட்டும் இருக்கும் வீடுகள் நம் நகரத்தில் ஏராளம். இன்றைய திருடன் அந்த வீட்டுக்குள் வீடியோ அழைப்பில் நுழைகிறான். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டி, யாரிடமும் பேசக்கூடாது என்று கட்டளையிட்டு, மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பணத்தைப் பறிக்கிறான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. தினமும் காலையில் வாசலில் வந்து நிற்பவர் இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லையென்றால், காரணம் இதுவாகவும் இருக்கலாம், உடல்நலக் குறைவாகவும் இருக்கலாம்; எதுவானாலும் பக்கத்து வீட்டுக்காரர் மணியை அடித்துப் பார்க்க வேண்டும். பணம் போயிருந்தால், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அந்த அளவுக்கு அதை முடக்கி வைக்கும் வாய்ப்பு உண்டு.

முதல் கூட்டத்தை ஞாயிறு மாலையில் யாராவது ஒருவருடைய கார் நிறுத்துமிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; இஸ்திரி வண்டிக்காரருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். உங்கள் தெருவுக்கான ரோந்துக் காவலரை அழைத்து அவருடைய எண்ணை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்; அவசரத்துக்கு 100, 112 இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் அப்படியே தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, எரியாத தெருவிளக்குகளின் கம்ப எண்களை எழுதி, அன்றைக்கே மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.