தலையில அடிபட்டும் எந்திரிச்சு ஆடுறானா? அவனைத்தான் முதல்ல உட்கார வைக்கணும்!

கபடி டீம் வெச்சிருக்கிற அண்ணன்மாரு, போட்டி நடத்துற கமிட்டிக்காரங்க, ஆடுற பையனைப் பெத்தவங்க... அடுத்த ரெய்டுக்கு ஆள் அனுப்புறதுக்கு முன்னாடி இதைப் பாத்துருங்க.

உசிலம்பட்டிப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஒரு மின்னொளி கபடின்னு வைங்க. ராத்திரி ரெண்டு மணி. ரெய்டு போன பையனைக் கார்னர்ல நிக்கிறவன் கணுக்காலோட புடிக்கிறான். பக்கத்துல இருந்து இன்னொருத்தன் டேஷ் அடிக்கிறான், அதாவது உடம்பால மோதித் தள்ளுறான். பையன் தலை ஒருத்தன் முட்டியில இடிச்சு, அப்புறம் தரையில மோதுது. மூஞ்சில தண்ணி அடிக்கிறாங்க. எந்திரிச்சிட்டான், ஒரே கைதட்டல். ஆனா அவன் எங்கிட்டு நடக்குறான்னு பாருங்க. எதிர் டீம் பெஞ்சுக்குப் போறான். கூட்டம் சிரிக்குது. சிரிக்கிற விஷயம் இல்ல மக்களே! பொறி கலங்கிப் போய் நிக்கிறான். கன்கஷன், அதாவது மண்டைக்குள்ள மூளை குலுங்கிப் போறதுன்னு டாக்டருங்க சொல்றது இதான்.

"மயக்கம் போடலையே?"ன்னு கேப்பீங்க. விளையாட்டுல வர்ற கன்கஷன்ல பெரும்பாலும் மயக்கமே வராது. மாட்டுத்தாவணியில பஸ் ஏறி, உறைஞ்ச தயிர்ச்சட்டியை மடியில வெச்சுக்கிட்டுப் போறீங்க. டிரைவர் சடார்னு பிரேக் அடிக்கிறாரு. சட்டியில ஒரு கீறல் இல்ல, மூடியும் நகரல. திறந்து பாத்தா தயிர் உடைஞ்சு தண்ணி விட்டிருக்கும். நம்ம மூளையும் ஏறக்குறைய ஒண்ணரைக் கிலோ, மண்டைக்குள்ள நீர்ல மிதக்குது. அதனாலதான் ஹெல்மெட் மண்டை உடையாம காப்பாத்தும், உள்ள நடக்குற குலுங்கலை முழுசா நிறுத்தாது. குலுங்குன நரம்பு செல்லுல பொட்டாசியம் வெளிய போகுது, கால்சியம் உள்ள வருது. அதைச் சரி பண்ண செல்லுக்கு சக்தி ஏகப்பட்டது வேணும், அந்த நேரம் பாத்து ரத்த ஓட்டமும் குறையுது. இதெல்லாம் சிடி ஸ்கேன்ல தெரியாது. ஸ்கேன் நார்மல்னு வந்தாலும் கன்கஷன் இருக்கலாம்.

வரலாறு சுருக்கமா. குத்துச்சண்டைக்காரங்க நாளடைவுல தள்ளாடுறதை 1928லயே மார்ட்லண்ட்ங்கிற டாக்டர் எழுதிட்டாரு. 2002ல இறந்துபோன அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரோட மூளையை ஆராய்ஞ்ச டாக்டர் பென்னட் ஒமாலு, அதுல சிடிஇங்கிற மூளைச் சிதைவு இருக்குறதைக் கண்டுபிடிச்சாரு. 2017ல வெப்ஸ்டர் ஆடுன என்எஃப்எல் லீக்ல ஆடுனவங்க 111 பேரோட மூளையைப் பாத்ததுல 110ல அது இருந்துச்சு. பயந்துராதீங்க, பெரும்பாலும் ஏற்கெனவே சந்தேகப்பட்ட குடும்பங்கள்தான் மூளையைத் தானம் கொடுத்தாங்க. ஆடுற எல்லாருக்கும் வரும்னு அர்த்தம் இல்ல. ஆனா வருஷக்கணக்கா தலையில திரும்பத் திரும்ப வாங்குற சின்னச் சின்ன அடியும் கணக்குல சேருது.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். 2020 டிசம்பர் 4, கான்பெரா. நம்ம சேலத்து நடராஜன் முதல் டி20 ஆடுன மேட்ச், ஞாபகம் இருக்கா? கடைசி ஓவர்ல ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜா ஹெல்மெட்ல பட்டுச்சு. அவர் ஆடி முடிச்சு 44 நாட் அவுட். உள்ள போனதும் தலை சுத்துதுன்னாரு. அவருக்குப் பதிலா சாஹல் வந்தாரு. ஆஸ்திரேலியா கோச் லாங்கர் மேட்ச் ரெஃப்ரிகிட்ட வாக்குவாதமே பண்ணுனாரு. சாஹல் 3 விக்கெட், நடராஜன் 3 விக்கெட், 11 ரன்ல ஜெயிச்சோம். பதிலுக்கு வந்த ஆளே ஆட்ட நாயகன்!

தலையில அடிபட்டவருக்குப் பதிலா வேற ஆளை இறக்கலாம்ங்கிற அந்த விதி 2019 ஆகஸ்ட்லதான் வந்துச்சு. அதே மாசம் லார்ட்ஸ்ல இங்கிலாந்து ஆர்ச்சர் போட்ட பந்து ஆஸ்திரேலியா ஸ்மித் கழுத்துல பட்டுச்சு. சோதனை பண்ணாங்க, தேறிட்டாரு, திரும்ப வந்து 92 வரைக்கும் ஆடுனாரு. மறுநாள் காலையில தலைவலி, மந்தம். மேட்ச்ல இருந்தே எடுத்துட்டாங்க. கூடவே டாக்டர் இருக்குற டீம்லயே அறிகுறி மறுநாள்தான் தெரிஞ்சுச்சுன்னா, நம்ம ஊர் பொட்டல்ல "எத்தனை விரல் சொல்லு"ன்னு கேட்டுட்டு உள்ள அனுப்புறது எப்படிங்க சரியாகும்?

கிரிக்கெட்டுக்கு இதுக்குன்னு தனியா விதி எழுத வேண்டியிருந்துச்சு. கபடிக்கு அதுகூட வேண்டாம். மாத்தாளுங்க ஏற்கெனவே வெளிய உட்கார்ந்திருக்காங்க. கைகாட்டுனா போதும், வந்துருவாங்க!

அலங்காநல்லூர், பாலமேட்டுலயும் இதே கதைதான். மாடு குத்தி ரத்தம் வந்தா உடனே தூக்கிட்டு ஓடுறோம். தூக்கி எறிஞ்சு பின்மண்டை தரையில பட்டவன் தூசி தட்டிட்டு வந்தா, அவனை ஒரு வார்த்தை கேக்கணும்னு யாருக்கும் தோணுறதில்ல.

மாப்ள, கோச், அண்ணே... செய்ய வேண்டியது இதுதான். தலையில அடிபட்டு ஆள் தடுமாறுனா, கேட்டதையே திரும்பக் கேட்டா, வெளிச்சத்தைப் பாக்க முடியலைன்னா, அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சது. பைனலா இருந்தாலும் சரி. முதல் அடி ஆறுறதுக்குள்ள ரெண்டாவது அடி பட்டா, அபூர்வமா மூளை வீங்கி உயிரே போயிரும், அதுவும் சின்ன வயசுப் பசங்களுக்கு. வீட்டுக்கு அவனே பைக் ஓட்டிட்டுப் போகக் கூடாது, சரக்கு கூடவே கூடாது. ராத்திரி ஒரு ஆள் கூட இருக்கணும். ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு, செல்போனையும் குறைக்கணும், அப்புறம் மெதுவா நடை, ஓட்டம். டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் புடி, டேஷ் எல்லாம். வாந்தி திரும்பத் திரும்ப வந்தா, வலிப்பு வந்தா, தலைவலி ஏறிக்கிட்டே போனா, எழுப்ப முடியாம தூங்குனா, கை கால் மரத்துப்போனா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108ஐக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க.

உங்க ஊர் போட்டியில அடிபட்ட பையனை வெளிய உட்கார வைக்கிற கமிட்டி இருந்தா, ஊர்ப் பேரைக் கமெண்ட்ல போடுங்க. அடுத்த வீடியோ அந்த ஊர்ல இருந்துதான்.