ரசமும் அப்பளமும் போதும், நடுவர் ஐயா

நடுவர் ஐயாவுக்கும், எதிர் வரிசையில் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாருக்கும், சேலத்தில் அஸ்தம்பட்டி, மரவனேரி, ஐந்து ரோடு என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம்.

ஐயா, முதலில் ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருப்பது எப்படி என்று பட்டிமன்றம் வைத்திருக்கிறார்கள். நல்லது. அதை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு வைத்திருக்கிறார்களே, இதை யார் கேட்பது? காலையில் ஆராதனை, அது முடிந்து அறுப்பின் பண்டிகைக் காணிக்கைப் பொருள் ஏலம், மதியம் பந்தி, இப்போது நாம். பூசணிக்காயைத் தூக்கி, பந்தி பரிமாறி, நாற்காலி போட்டுவிட்டு அந்த ஓரத்தில் நிற்கிறார்களே வாலிபர் ஐக்கியத் தம்பிகள், அவர்கள் முகத்தைப் பாருங்கள். எங்கள் அணியின் முதல் சாட்சி அவர்கள்தான்.

தலைப்பு என்ன? 'ஞாயிறு ஓய்வாக அமையச் சனிக்கிழமை முன்னேற்பாடு போதுமா, ஞாயிற்றுக்கிழமை வேலையையே வெட்ட வேண்டுமா?' நான் வெட்டும் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் அழகாகப் பேசினார். சனிக்கிழமையே துணியைத் தேய்த்து வை, காணிக்கைக் கவரில் பணத்தைப் போட்டு வை, வெங்காயம் உரித்து வை, இஞ்சி பூண்டு அரைத்து ஃபிரிட்ஜில் வை, ஞாயிறு தானாக ஓய்வாகிவிடும் என்றார். கடைசியில், 'இதெல்லாம் திட்டம் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் புரியும்' என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பொடி வைத்து ஊதுகிறாராம். அண்ணே, எங்கள் வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறை. கொலுசைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுவதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. எங்களிடமேவா?

அண்ணன் சொன்னதை இன்னொரு முறை கேளுங்கள். தேய்த்து வை, உரித்து வை, அரைத்து வை. எல்லாம் வினை. யார் செய்வது என்று ஒரு வார்த்தை வந்ததா? இலக்கணத்தில் இதற்குத் தோன்றா எழுவாய் என்று பேர். வீட்டில் இதற்கு அம்மா என்று பேர்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆறாம் நாளிலேயே ஏழாம் நாளான ஓய்வுநாளுக்கும் சேர்த்து, வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற ஆகாரத்தைப் பொறுக்கி வைத்தார்களே என்று வேதாகமத்தில் யாத்திராகமம் 16-ஐயும் காட்டினார். உண்மைதான். ஆனால் அங்கே ஆறாம் நாள் மன்னா இரட்டிப்பாகக் கிடைத்தது. எங்கள் வீட்டுச் சனிக்கிழமைக்கு மணி நேரம் இரட்டிப்பாகக் கிடைக்கவில்லையே ஐயா! எனக்குச் சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ். பட்டறையில் அன்றைக்குத்தான் கூலிக் கணக்கு. திங்கட்கிழமை போகவேண்டிய உருப்படியை ராத்திரி 11 மணிவரை மெருகு போடுவார்கள். அந்த நாள் தலையில் ஞாயிற்றுக்கிழமையையும் தூக்கி வைத்தால் அதற்குப் பேர் முன்னேற்பாடா? ஒரு சுமையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினால் இறக்கி வைத்ததாகுமா?

நானும் இரண்டு வருஷம் அண்ணன் கட்சிதான். சனிக்கிழமை ராத்திரி அரைக்கிலோ பூண்டு உரித்து அரைத்துவிட்டுத்தான் படுப்பேன். மறுநாள் காணிக்கைப் பை வரும்போது கையை நீட்டினால் விரலில் பூண்டு வாசம். பக்கத்தில் இருக்கும் அக்கா மெதுவாகக் கேட்பார், 'மட்டனா, சிக்கனா?' எங்கள் சபைப் போதகர் ஐயர் பிரசங்கத்தில் மூன்றாவது குறிப்புக்கு வரும்போது நான் வீட்டில் ஊறிக்கொண்டிருக்கும் பாசுமதி அரிசிக்குப் போயிருப்பேன்.

இது எப்படி மாறியது என்று சொல்கிறேன். திட்டம் ஒன்றும் போடவில்லை. ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலம் இருக்கிறதே, அந்தப் போன லெந்து நாட்களில் எங்கள் வீட்டில் கறி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ரசம், ஒரு பொரியல், அப்பளம். ஆராதனை முடிந்து வந்து அரைமணி நேரத்தில் சாப்பாடு முடிந்தது. இரண்டாவது வாரம், மதியம் 2 மணிக்கு நான் கூடத்தில் பாயில் படுத்தேன். கண்ணை விழித்தால் 4 மணி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் தூங்கியது அன்றுதான். என் பெண் வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

ஈஸ்டர் வந்தது. கறி வந்தது. தூக்கம் போனது. அடுத்த வாரமே சொல்லிவிட்டேன், கறி இனிமேல் புதன்கிழமை. சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். எங்கள் அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. 'ஞாயிற்றுக்கிழமை ரசம் வைத்தால் பட்டறை நொடித்துப் போச்சா என்று நாலு பேர் கேட்பாங்க' என்றார். அப்புறம் இறங்கி வந்து, 'ஒரு துவையல் மட்டும் அரைச்சுக்கறேனே' என்றார். ஒரு துவையல்தானே என்று விட்டால் அடுத்த வாரம் ஒரு முட்டைதானே. அதற்கடுத்த வாரம் அந்த முட்டை குழம்புக்குள் விழுந்திருக்கும். காவல் காத்தேன் ஐயா. வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். புதன்கிழமை கறிக்கடையில் வரிசையே இல்லை, கேட்ட இடத்தில் வெட்டித் தருகிறான் என்று அவர் இப்போது எங்கள் கட்சி.

அதற்கு முன்னால் அவரும் ஒரு ஆராய்ச்சி செய்தார். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைச் சொல்லும் நான்காம் கட்டளையில் நீ, உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன் என்று எல்லாருக்கும் ஓய்வு. 'மனைவி பேரைக் காணோமே' என்றார். ஏங்க, அந்த 'நீ'யில் நானும்தான் இருக்கிறேன் என்றேன். அப்புறம், மிருகஜீவனுக்குக்கூட அங்கே லீவு. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கு லீவு கொடுப்பது வேறு மாதிரி.

மில் தொழிலாளிக்கே ஞாயிற்றுக்கிழமை லீவு சும்மா வரவில்லை. பம்பாயில் தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டே வருஷக்கணக்கில் போராடி 1890-ல் வாங்கிக் கொடுத்தது அது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 52ஆம் பிரிவில் வாரத்தின் முதல் நாளான ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள். அதில் அடுப்படி சேரவில்லை. நாங்களே சேர்த்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

'பிரியாணி பார்சல் வாங்கினால் முடிந்தது' என்றார் எதிரணித் தம்பி. தம்பி, உபாகமம் 5-ல் உன் வேலைக்காரனும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும் என்று இருக்கிறது. நாம் காலை நீட்டிக்கொண்டு இருக்க, வெயிலில் பைக்கில் வருகிற பிள்ளைக்கு எது ஓய்வுநாள்? அவசரத்துக்கு நானும் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. வாராவாரம் அதுவே வழி என்றால் மனசு ஒப்பவில்லை.

எங்கள் நாத்தனாருக்கு ஏற்காட்டில் ஏரிக்கரைப் பக்கம் பஜ்ஜிக் கடை. நாம் ஓய்வெடுக்க 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறோமே, அன்றைக்குத்தான் அவளுக்கு இடுப்பு ஒடியும். சனிக்கிழமையும் அதே கூட்டம். அண்ணனுடைய முன்னேற்பாடு அவளிடம் செல்லுமா? அவள் செவ்வாய்க்கிழமை கடையை வெட்டிவிட்டாள். செவ்வாய்க்கிழமை ஃபோன் அடித்தால் எடுக்கமாட்டாள். எனக்கே கோபம்தான், ஆனால் கெட்டிக்காரி.

சபை வேலையிலும் கை வைத்தேன். பாடகர் குழு வேண்டும், அது எனக்கு மூச்சு. பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பொருளாளர் பொறுப்பைத் தங்கச்சி ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தேன். ஐயரம்மா இரண்டு வாரம் வருத்தமாக இருந்தார். இப்போது முன்வரிசையில் சிரித்துக்கொண்டு இருக்கிறார், நன்றி அம்மா.

எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். பெரியவன் பன்னிரண்டாம் வகுப்பு. கோச்சிங்கில் ஞாயிறு காலை 9 மணிக்குத்தான் பரீட்சை வைக்கிறார்கள். போய்க் கேட்டோம். 'எல்லாருக்கும் அதே நாள்தான்' என்றார்கள். ஆராதனைக்குப் போகும்போது எங்கள் பெஞ்சில் ஒரு இடம் காலி. அந்த ஒன்றில் தோற்றுத்தான் நிற்கிறோம். ஆனால் சொல்லுங்கள் அண்ணே, சனிக்கிழமை எத்தனை சட்டை தேய்த்து வைத்தால் அந்தப் பரீட்சை நகரும்?

மணி அடிக்கிறீர்கள் ஐயா, முடித்துவிட்டேன். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, எங்கள் வீட்டுக்காரருடையது. கைதட்டிவிட்டு அவர் பாதியில் எழுந்து போனார். ரசத்தைச் சூடு பண்ணத்தான் போயிருக்கிறார்.