சுவருக்குள்ளே இருக்கிற ஜீ.ஐ. பைப்

வணக்கம் நேயர்களே.

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, ஐம்பது அறுபது வருஷம் பழைய வீடு. சமையலறைக் குழாய் சொட்டுகிறது. வொஷர்தானே, நாமே மாற்றிவிடலாம் என்று ஸ்பெனரை எடுக்கிறீர்கள். குழாயின் தலை மட்டும் கழலவேண்டிய இடத்தில் குழாய் முழுவதும் சேர்ந்து திரும்புகிறது. சுவருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். அரை மணி நேர வேலை அத்தோடு இரண்டு நாள் வேலையாகிவிடும்.

அந்த ‘டக்’ எங்கிருந்து வருகிறது? அந்தக் காலத்து ஜீ.ஐ. பைப் என்பது நாகம் பூசிய இரும்பு. மரை வெட்டும்போது அந்தப் பூச்சும் போகிறது, அரை இஞ்சி பைப்பின் தடிப்பில் பாதிக்குக் கிட்டவும் போகிறது. ஆகவே துரு முதலில் தின்பது மரையைத்தான். வெளியிலிருந்து பார்க்க நல்ல பைப், பிடித்துத் திருப்பினால் பிஸ்கட். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்று வெளிப்பக்கத்தையும் விட்டுவைப்பதில்லை.

எனவே குழாயைக் கழற்றும்போது இரண்டு ஸ்பெனர் வேண்டும். ஒன்று குழாயின் உடம்பை அசையாமல் பிடித்திருக்க, மற்றது தலையைத் திருப்ப. இரண்டாவது கை இல்லையென்றால் வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள். இது வெட்கப்படுகிற விஷயமல்ல.

அதற்கு முன்னால் தண்ணீரை நிறுத்தவேண்டும். பழைய வீடுகளில் அநேகமாக இரண்டு வழியால் தண்ணீர் வரும். சமையலறைக்கு மீற்றரிலிருந்து நேராக, குளியலறைக்கு மேலேயுள்ள தாங்கியிலிருந்து. ஒன்றைப் பூட்டிவிட்டு மற்றதை மறந்தால் நனைவது நீங்கள்தான். எந்த வால்வ் எந்தக் குழாய்க்கு என்று ஒருநாள் பூட்டிப் பார்த்து, பெயின்டால் அடையாளம் போட்டு வையுங்கள். வருஷக்கணக்காக அசையாத கேட் வால்வை வேகமாக முறுக்கவேண்டாம். தண்டில் எண்ணெய் விட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பழக்குங்கள். பலமாக முறுக்கினால் உள்ளேயிருக்கும் கதவு தண்டிலிருந்து கழன்று விழும். பிடி சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீரோ நிற்காது, அல்லது திரும்ப வராது. மீற்றருக்கு முன்னால் உள்ள எதிலும் கை வைக்கக்கூடாது. அது நீர் வழங்கல் சபையின் சொத்து. அங்கே கோளாறென்றால் 1939 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நாளும் முக்கியம். போயா தினத்திலும் ஞாயிறு பின்னேரத்திலும் பைப்பைக் கழற்றவேண்டாம். ஹார்ட்வெயார் கடை பூட்டியிருக்கும், வீட்டிலே பாத்திரங்கள் நிறைந்து கிடக்கும்.

குழாயின் தலை கழன்றுவிட்டது. வொஷரைப் போடுவதற்கு முன் ரோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். வொஷர் போய் உட்காரும் பித்தளை விளிம்பைச் சுண்டுவிரலால் தடவுங்கள். வழுவழுப்பாக இருக்கவேண்டும். பல் பல்லாக இருந்தால் எத்தனை வொஷர் போட்டாலும் சில வாரங்களில் வெட்டுப்பட்டுவிடும். விளிம்பைச் சீவும் கருவி இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் குழாயையே மாற்றுவதுதான் சரி. சொட்டுகிறதென்று பலமாகப் பூட்டிப் பூட்டித்தான் அந்த விளிம்பு கெடுகிறது.

சரி, ‘டக்’ சத்தம் கேட்டேவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்போ, அதாவது பைப் திரும்பும் வளைவுத் துண்டு, சுவருக்குள். அதற்குள்ளே உடைந்த மரைத் துண்டு ஒரு வளையமாக. உடனே சுவரை உடைக்கவேண்டாம். ஹெக்ஸோ பிளேட்டை மட்டும் சட்டத்திலிருந்து கழற்றி, ஒரு முனையில் துணி சுற்றி, அந்த வளையத்துக்குள் நுழைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக நீளவாக்கில் ஒரு வெட்டு அறுங்கள். சற்றுத் தள்ளி இன்னொரு வெட்டு. ஐந்தாறு இழுவைக்கு ஒருதடவை நிறுத்திப் பாருங்கள். பிளேட் எல்போவின் மரையைத் தொடக்கூடாது. தொடும் முன்பே நிறுத்திவிடவேண்டும். பிறகு சின்ன உளியால் இரண்டு வெட்டுக்கும் நடுவிலுள்ள துண்டை உள்நோக்கித் தட்டி மடித்தால் வளையத்தின் பிடி விடும். மிச்சத்தைக் குறட்டால் இழுத்து எடுக்கலாம். அரை மணி நேரம் போகும். பொறுமை இல்லாதவர் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

இனிப் புதுத் துண்டு. உடைந்ததைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். பழைய சோனகத் தெருவில் ஒரு கடையில் இல்லாதது அடுத்த கடையில் இருக்கும். ஆனால் வாயால் ‘அரை இஞ்சி’ என்றால் எந்த அரை இஞ்சி என்று அவர்களுக்கும் குழப்பம்தான். அரை இஞ்சி பிவிசி பைப்பில் 20 மி.மீ. என்று எழுதியிருக்கும். அது வெளி அளவு. இரும்புக் குழாயின் அரை இஞ்சி உள் அளவைச் சேர்ந்தது.

இரும்பையும் பிளாஸ்டிக்கையும் இணைக்கும்போது ஒரு விதி உண்டு. பிளாஸ்டிக் ஆண் மரை, அதாவது வால்வ் சொக்கட், இரும்பின் பெண் மரைக்குள் போகலாம். மாறிச் செய்யக்கூடாது. இரும்பு மரை கூம்பு வடிவம். பிளாஸ்டிக் சொக்கட்டுக்குள் அதை இறுக்க இறுக்க ஆப்பு வைத்ததுபோல் விரித்து, ஒருநாள் நடுச்சாமத்தில் பிளந்துவிடும். வேறு வழியில்லையென்றால் பித்தளை மரை பதித்த சொக்கட் வாங்குங்கள். தெப்லோன் ரேப்பை மரை திரும்பும் திசையிலேயே, முனை உங்களைப் பார்த்திருக்க வலஞ்சுழியாக, எட்டுப் பத்துச் சுற்று இழுத்துச் சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிடுங்கள். துரு தின்ற மரைக்கு ரேப்பைவிடச் சணலும் பசையும்தான் கைகொடுக்கும். கையால் இறுக்கி, பிறகு ஸ்பெனரால் ஒரு சுற்று, கூடினால் ஒன்றரை.

பிவிசியை ஒட்டும்போது பைப் காய்ந்திருக்கவேண்டும். வால்வ் சரியாகப் பூட்டாமல் தண்ணீர் சொட்டிக்கொண்டேயிருந்தால் பாணின் வெள்ளைப் பகுதியை உருட்டிப் பைப்புக்குள் அடையுங்கள். பொருக்கு வேண்டாம், கரையாது. ஒட்டி முடியும்வரை பாண் தண்ணீரைப் பிடித்திருக்கும், பிறகு கரைந்து வந்துவிடும். குழாய் வாயிலுள்ள சல்லடையைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறக்க மறக்கவேண்டாம். நேராக அறுத்து, பிசிரைச் சீவி, இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பசை பூசி, கால் சுற்றுத் திருப்பி அழுத்தி, அரை நிமிடம் பிடித்திருங்கள். பசையைக் கூடப் பூசினால் உறுதி கூடாது. உள்ளே வழிந்து வழியைத்தான் அடைக்கும். ஒரு இரவு விட்டுத் தண்ணீர் திறப்பது பாதுகாப்பு.

‘தண்ணீர் மெல்லிசாக வருகிறது’ என்ற முறைப்பாட்டுக்குப் புதுக் குழாய் வாங்குவது வீண். தாங்கியின் உயரம் ஒவ்வொரு மீற்றருக்கும் 0.1 பார் அழுத்தம்தான் தரும். நாலு மீற்றர் உயரத்திலிருந்தால் 0.4 பார். தாங்கிக்குக் கிட்டவுள்ள குழாயில் ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம், அதே தாங்கியிலிருந்து வரும் தூரத்துக் குழாயில் எவ்வளவு நேரம் என்று அளந்து பாருங்கள். தாங்கியருகே வேகமாகவும் தூரத்துக் குழாயில் மெதுவாகவும் இருந்தால் இடையிலுள்ள இரும்பு பைப்புக்குள் துரு படிந்துவிட்டது. உள் விட்டம் பாதியானால் தண்ணீர் போகும் பரப்பு நாலில் ஒன்று. அந்தப் பைப்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு, புது பிவிசியைச் சுவருக்கு வெளியே கிளிப் போட்டுக் கொண்டுபோவதுதான் எனது ஆலோசனை. அழகு குறையும். பரவாயில்லை. அடுத்த தடவை பழுது வந்தால் கண்ணுக்குத் தெரியுமே.

இரும்பை எடுத்துவிட்டு பிவிசி போடுகிறவர்கள் மின்சாரத்தையும் பார்க்கவேண்டும். பழைய வீடுகள் சிலவற்றில் ஏர்த் வயரைத் தண்ணீர் பைப்பில்தான் கட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு முழம் பிளாஸ்டிக் வந்தால் வீட்டுக்கே ஏர்த் இல்லை. பைப்பில் கிளம்ப் போட்ட வயர் எங்காவது தெரிந்தால் வேலையை நிறுத்தி, முதலில் மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இரும்பு பைப்பை அறுக்கும் முன் மெயின் சுவிட்சை நிறுத்துவதும் அதற்காகத்தான். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் தாங்கி பைப்புக்காக அதிலே துளை போடவேண்டாம். சுவர் வழியாகப் போங்கள்.

சுவரை உடைத்தே ஆகவேண்டுமென்றால் அது கபுக் கல்லா, அதாவது செம்புறைக் கல்லா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கபுக் சுவரில் ஹாமர் டிரில் வைத்தால் ஒரு இஞ்சி கேட்ட இடத்தில் ஒரு அடி உதிரும். கிரைண்டரால் இரண்டு கோடு வெட்டி, நடுவை உளியால் மெல்லத் தட்டி எடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, காற்றை வெளியே விடுங்கள். இணைப்பைத் துடைத்து, கீழே காய்ந்த பத்திரிகைத் தாள் ஒன்றை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள். கண்ணுக்குப் படாத கசிவு தாளில் வட்டமாகத் தெரியும். இரண்டு மூன்று நாள் தாள் காய்ந்தே இருந்தால் சீமெந்து குழைக்கலாம்.

வணக்கம்.