லோங்காங்ல ஊத்துறது எங்க போகுது?

வணக்கம், அண்ணே, அக்கா, தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும். மழை வர்ற மாதிரி இருக்கு, நேரா விஷயத்துக்கு வந்துர்றேன்.

நம்ம கோலாலம்பூர் செந்தூல் பக்கம் நெறைய பேர் நெனச்சிட்டிருக்காங்க, வீட்டு முன்னாடி லோங்காங்ல, அதான் காவாயில, ஓடுற தண்ணிய எங்கேயோ சுத்தம் பண்ணிட்டுதான் ஆத்துல விடுறாங்கன்னு. இல்லங்க. டாய்லெட் தண்ணி போற பைப் வேற, அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகுது, கழிவுநீர பாத்துக்குற இண்டா வாட்டர் கம்பெனிக்கு பில் கட்டுறது அதுக்குத்தான். லோங்காங் மழைத்தண்ணிக்குன்னு கட்டுனது. அது கோம்பாக் ஆத்துல விழுந்து, மஸ்ஜித் ஜாமெக் கிட்ட கிள்ளான் ஆத்தோட சேர்ந்து, பிரிக்பீல்ட்ஸ், மிட் வேலி, ஷா ஆலாம்னு போயி கிள்ளான் டவுன தாண்டி கடலுக்குப் போயிடுது. நடுவுல அங்கங்க தடுப்பு வச்சிருக்காங்க, ஆனா அது போத்தல், பிளாஸ்டிக் பைய பிடிக்கும், சோப்பையும் எண்ணெயையும் எப்படிப் பிடிக்கும்? ஸ்மார்ட் டனல் இருக்கேன்னு கேப்பீங்க. 2007ல தொறந்த அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் வெள்ளத்த திருப்பி விடுறதுக்கு, அழுக்கு எடுக்குறதுக்கு இல்ல.

நாலஞ்சு நாள் நல்லா வெயில் அடிச்சிட்டு சாயங்காலம் திடீர்னு கொட்டும் பாருங்க, அந்த மழையோட முதல் கொஞ்ச நேரத்துத் தண்ணிதான் ரொம்ப மோசம். கார்லேர்ந்து ஒழுகுன எண்ணெய், டயர் தூள், நாய் பீ, செடிக்குப் போட்ட உரம், ரோட்டுல காஞ்சு கெடந்தது பூரா ஒரே அடியா அடிச்சிட்டுப் போகும். அதனால மழைக்கு முன்னாடியே கூட்டி அள்ளி குப்பைத்தொட்டியில போடுங்க. லோங்காங்குக்குள்ள கூட்டித் தள்றது கூட்டுறதே இல்ல, ஆத்துக்கு அனுப்புறது.

இப்போ எண்ணெய். இதத்தான் நான் ரொம்ப சொல்லணும்னு வந்தேன். தீபாவளி வந்தா முறுக்கு, அதிரசம், வடைன்னு சுட்டுட்டு மிச்ச எண்ணெய பின்னாடி லோங்காங்ல ஊத்துறது எத்தன வீட்டுல நடக்குதுன்னு நமக்கே தெரியும். அது செவுத்துல கட்டியா ஒட்டிக்கும், குப்பையையும் சேத்துப் பிடிச்சிக்கும், எலி வரும், கரப்பான் வரும், மழை பெருத்தா தண்ணி வீட்டுக்குள்ள வரும். தப்பிச்சு ஆத்துக்குப் போற எண்ணெய் தண்ணி மேல படலமா நின்னு காத்து உள்ள எறங்க விடாது, மீன் மூச்சுக்கு என்ன பண்ணும் சொல்லுங்க. ஆற வச்சு, வடிகட்டி, பழைய போத்தல்ல ஊத்தி வைங்க அக்கா. பழைய எண்ணெய கிலோ கணக்குல காசு குடுத்து வாங்குறாங்க, பயோடீசல் பண்றதுக்கு. கறிச்சட்டிய கழுவுறதுக்கு முன்னாடி பேப்பரால ஒரு தொட தொடச்சிடுங்க, அதுவே பெரிய உதவி.

வீடு ரெனவேஷன் பண்றவங்க, மணல ரோட்டோரம் கொட்டி அப்படியே விட்டுடாதீங்க, மேல கேன்வாஸ் போட்டு மூடுங்க. சிமெண்ட் கலந்த வாளிய லோங்காங்ல கழுவ வேணாம்னு கொந்திராக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, அந்தத் தண்ணி மீனுக்கு வெஷம். கார கழுவுறதா இருந்தா புல்லு மேல நிறுத்திக் கழுவுங்க, சோப்பு கொஞ்சமாப் போட்டு, ஓஸ் பைப்புக்குப் பதிலா வாளியில.

அப்புறம் வாசல். முழுசா டைல்ஸ் போட்டா பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா ஒரு சொட்டுத் தண்ணி மண்ணுல எறங்காது. 100 சதுர மீட்டர் கூரை மேல 50 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 5,000 லிட்டர், ஒரே வீட்டுலேர்ந்து. ஓரமா ஒரு பாத்தியாவது மண்ணா விடுங்க, கருவேப்பிலை, பாண்டான் வைங்க. கூரைத் தண்ணிய ஒரு ட்ரம்ல பிடிச்சா செடிக்கு ஊத்தலாம், வாசல் கழுவலாம். ட்ரம்முக்கு மேல வலை கட்டாயம், இல்லன்னா ஏடிஸ் கொசு முட்டை போட்டு டிங்கி வந்துரும்.

எண்ணெய் சேக்குறதுக்கு இந்த மண்டபத்துப் பக்கத்துல ஒரு பொது ட்ரம் வைக்கலாம்னு எனக்குத் தோணுது. யார் பாத்துக்குவாங்க, எந்தக் கிழமை ஆள கூப்பிட்டு குடுக்கலாம்னு இப்போ உக்காந்து பேசி முடிச்சிருவோம், தீபாவளிக்கு முன்னாடி வச்சாகணும்.