பேப்பர் போட்ட பிறகு வரும் மெயில்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையின் பணியாளர் பிரிவில் நெடுங்காலம் இருந்தவன் நான். ஆள் எடுப்பதும், போகிறவர்களுக்குக் கணக்கு முடித்து அனுப்புவதும்தான் என் வேலை. ஓய்வு பெற்று இப்போது கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். இன்னமும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏதாவது ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து, "சார், இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று நீட்டுவார்கள்.

எங்கள் எல்லைப்பக்கத்தில் வேலை மாறுவதற்கென்றே ஒரு பருவம் உண்டு. கேரளத்து ஆலைகளில் போனஸ் ஓணத்துக்கு, கோயம்புத்தூரில் தீபாவளிக்கு. ஓண போனஸ் கைக்கு வந்ததும் பேப்பர் போட்டுவிட்டு, அதாவது ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, விலகும் முன் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் காலத்தை முடித்து, எல்லையிலுள்ள வாளையார் தாண்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது பலர் போடும் கணக்கு. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் சேர வேண்டிய கம்பெனி, "உங்களுக்குக் கொடுத்த ஆஃபரைத் திரும்பப் பெறுகிறோம், வருந்துகிறோம்" என்று ஒரு மெயில் அனுப்பிவிட்டால்? பழைய வேலையை விட்டாயிற்று, புதியது வரவில்லை. இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இது சின்ன கம்பெனிகளில் மட்டும் நடப்பதில்லை. 2022 ஜூனில் அமெரிக்காவின் கிரிப்டோ வர்த்தக நிறுவனமான காயின்பேஸ், ஆஃபரை ஏற்றுக்கொண்டு சேரக் காத்திருந்தவர்களுக்கே 'வர வேண்டாம்' என்று மெயில் அனுப்பியது. காரணம் எங்கும் ஒன்றுதான். ஆர்டர் ரத்தாகும், புதிய லைன் தள்ளிப்போகும், மேலே யாரோ செலவைக் குறைக்கச் சொல்வார்கள். சம்பளம் வாங்க ஆரம்பிக்காத ஆளை நிறுத்துவதுதான் அவர்களுக்குச் சுலபம். அதனால் மெயில் வந்ததும் 'என்னிடம் என்ன குறை கண்டார்கள்' என்று குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.

எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ரோலிங் மில்லில் தரப் பரிசோதனையில் இருந்தான். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் ஆஃபர் கிடைத்து, பேப்பர் போட்டான். நோட்டீஸில் இன்னும் ஒரு வாரம் பாக்கி இருக்கும்போது அந்த மெயில் வந்தது. மொத்தமே மூன்று வரி. அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. வழக்கம்போல டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போனான். கடைசி நாளில் கேன்டீனில் கேக் வெட்டினார்கள். மேனேஜர் கையால் கைக்கடிகாரம் கொடுத்து, "கோயம்புத்தூர் போனாலும் எங்கள மறந்துராத தம்பி" என்றார். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். மெயில் வந்த போன் அப்போதும் சட்டைப் பையில்தான் இருந்தது.

பிறகு விஷயம் தெரிந்தபோது மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். கேக் வெட்டிய அன்று காலையில் சொல்லியிருந்தால்கூட ராஜினாமாவைக் கிழித்துப் போட்டிருப்பாராம். இப்போதோ அந்த இடத்துக்கு வேறு ஆளுக்கு ஆர்டர் போய்விட்டது. பையன் கொஞ்ச நாள் கழித்து அதே மில்லில், அதே மேஜையில், காண்ட்ராக்ட் ஆளாக உட்கார்ந்தான். சம்பளம் குறைவு.

நோட்டீஸ் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயில் வந்தால் முதல் போன் பழைய மேனேஜருக்குத்தான் போக வேண்டும். வக்கீல், நண்பன், அந்தப் புதிய கம்பெனி எச்.ஆர். எல்லாம் அப்புறம். வெட்கமாகத்தான் இருக்கும். ஊரெல்லாம் சொல்லியாயிற்று, டீக்கடையில் பலகாரம் வாங்கிக் கொடுத்தாயிற்று, அம்மா கோயிலில் அர்ச்சனைகூடச் செய்துவிட்டார். இருந்தாலும் கேளுங்கள். ஆலைத் தரப்பில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வேலை தெரிந்த ஒருவன் போய்விட்டால் புது ஆளைத் தேடி, பழக்கி, தேற்றி எடுப்பது எங்களுக்குத் தலைவலி. "சார், அந்த இடம் ரத்தாயிடுச்சு. என் ராஜினாமாவ வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்க சம்மதிச்சா இன்னைக்கே எழுதித் தர்றேன்" என்றால் போதும். அன்றைக்கே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். தேதி அதில்தான் நிற்கும். இந்தச் சமயத்தில் சம்பள உயர்வு கேட்கிற புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி என்ன சொல்ல?

இதற்குச் சட்டத்திலும் கொஞ்சம் பலம் உண்டு. அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் 1977 மே மாதத்தில், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாகக் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். ஜூலையில் மனம் மாறி அதைத் திரும்பப் பெற்றார். அது செல்லுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. வரப்போகும் ஒரு தேதியிலிருந்து விலகுவதாகக் கொடுத்த ராஜினாமாவை அந்தத் தேதி வருவதற்குள் திரும்பப் பெறலாம் என்று 1978இல் தீர்ப்பு வந்தது. தனியார் கம்பெனிகளில் அவரவர் ஒப்பந்தத்தையும், ஆலையின் வேலை விதிகளான நிலையாணைகளையும் பார்த்துத்தான் பேச வேண்டும். எப்படியானாலும், கடைசி நாளுக்கு முன்னால் கேட்பது வேறு, பின்னால் கேட்பது வேறு. பின்னால் கேட்டால் அது புது வேலைக்கு மனுப் போடுவதுதான். பழைய சர்வீஸ் தொடருமா என்பதைப் பேசி எழுத்தில் வாங்க வேண்டியிருக்கும்.

சரி, ஆஃபர் கொடுத்து ஏமாற்றிய கம்பெனியைச் சும்மா விடுவதா என்று கேட்பீர்கள். ஆஃபரை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அது ஒப்பந்தம் ஆகிறது. மெயிலில் 'சம்மதம்' என்று எழுதியதும் கணக்கில் சேரும். ஆனால், 'எனக்கு அந்த வேலையைக் கொடுத்தே ஆக வேண்டும்' என்று கேட்டால் நீதிமன்றம் பொதுவாகக் கொடுக்காது. ஒருவருக்கொருவர் செய்யும் சேவை ஒப்பந்தத்தை அப்படி வற்புறுத்தி நிறைவேற்றுவதில்லை. கிடைக்கக்கூடியது நஷ்டஈடு. அதே கடிதத்தில் 'இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம்' என்று இருந்தால், நஷ்டஈடும் பெரும்பாலும் அந்த ஒரு மாதச் சம்பளத்தைச் சுற்றியே நிற்கும். நீங்கள் வேறு வேலை தேடினீர்களா என்றும் பார்ப்பார்கள். ஆகவே எங்கெங்கே விண்ணப்பித்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். 'சரிபார்ப்பு முடிந்தால்தான் இந்த ஆஃபர் செல்லும்' என்ற வரி இருந்து, உங்கள் சான்றிதழ், பழைய வேலை விவரங்களைச் சரிபார்த்ததில் ஏதாவது சிக்கல் வந்திருந்தால், உங்கள் கை இன்னும் தாழ்ந்துவிடும்.

நேரே லேபர் ஆபீசுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அந்தக் கம்பெனியில் நீங்கள் இன்னும் சேரவே இல்லை, தொழிலாளி என்ற உறவே தொடங்கவில்லை என்று அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது சிவில் விவகாரம். மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

எல்லையில் வசிப்பவர்களுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. வீடு பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், கம்பெனி கோவையில், அதன் தலைமை அலுவலகம் வேறெங்கோ. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'இன்ன ஊர் நீதிமன்றத்துக்கே அதிகாரம்' என்று ஒரு வரி இருக்கும். அந்த நீதிமன்றத்துக்கு இயல்பாகவே அதிகாரம் இருந்தால், வேலை ஒப்பந்தங்களிலும் அந்த வரி செல்லும் என்று 2025இல் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி ஊழியர் வழக்கில் சொல்லிவிட்டது. பாலக்காட்டில் வழக்குப் போடலாம் என்று நினைத்திருப்பவர்கள் அந்த வரியை முதலில் தேடிப் பாருங்கள்.

ஒரு மாதச் சம்பளத்துக்காக ஊர் விட்டு ஊர் போய் வழக்காடுவது லாபமில்லை என்பது என் எண்ணம். அதைவிட, கோபமில்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் ஆஃபர் வந்தது, எந்தத் தேதியில் ஏற்றுக்கொண்டீர்கள், அதை நம்பி எந்தத் தேதியில் ராஜினாமா செய்தீர்கள், கோவையில் அறைக்கு எவ்வளவு அட்வான்ஸ் கட்டினீர்கள் என்று வரிசையாக எழுதி, நோட்டீஸ் காலச் சம்பளத்துக்கு ஈடான தொகையைக் கேளுங்கள். கூடவே, 'நிறுவனத்தின் காரணங்களால் ஆஃபர் திரும்பப் பெறப்பட்டது, விண்ணப்பதாரர் மீது குறை எதுவும் இல்லை' என்று ஒரு கடிதமும் கேளுங்கள். பணம் தர மறுத்தாலும் அந்தக் கடிதத்தைக் கொடுப்பதில் அவர்களுக்குச் செலவில்லை. அடுத்த இன்டர்வியூவில் 'நடுவில் ஏன் இடைவெளி?' என்று கேட்டால் அதை எடுத்து நீட்டலாம். எச்.ஆர். போனில் ஆறுதல் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததை அழித்துவிட வேண்டாம்.

பண விஷயத்தில் இரண்டே எச்சரிக்கை. கையில் காசில்லை என்றதும் பி.எஃப். பணத்தை வழித்தெடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடத் தொடர் சர்வீஸுக்கு முன் எடுத்தால் வருமான வரி உண்டு. பென்ஷனுக்குப் பத்து வருடம் வேண்டும், எடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் அறுந்துபோகும். பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் ஒன்றேதான், அடுத்த வேலைக்கு அப்படியே வரும். இரண்டாவது, கம்பெனி எடுத்துக்கொடுத்த குழு மருத்துவக் காப்பீடு. ரிலீவ் ஆன நாளோடு பொதுவாக அது முடிந்துவிடும். வீட்டில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் பெற்றோர் அதில் இருந்தால், அதே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் தனி பாலிசியாக மாற்றித் தரச் சொல்லி, விலகும் முன்பே கேளுங்கள்.

பேப்பர் போடாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்: சரிபார்ப்பும் மெடிக்கலும் முடிந்ததாக மெயில் வரட்டும், சேரும் தேதி போட்ட அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வரட்டும், அதன் பிறகு போடுங்கள். 'உடனே ராஜினாமா செய்த அத்தாட்சி அனுப்பு' என்று அவசரப்படுத்தினால், "ஆர்டர் வந்த மறுநாளே அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். வேலைக்கு டெபாசிட் கேட்கிற இடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது மோசடி.

வழக்கே போடுவது என்று முடிவெடுத்தால், வக்கீல் பீஸுக்குக் கடன் வாங்கும் முன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்துக் கிடைக்கும். ஆஃபர் கடிதம், உங்கள் சம்மத மெயில், ராஜினாமா, ரத்துச் செய்த மெயில், இந்த நான்கையும் தேதி வரிசையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

வணக்கம்.